தி ஃப்ளாஷ் ஐந்தாவது சீசன்: இரண்டாம் முறை பார்த்த பிறகு

மின்னல் வேகத்தில் ஓடும் ஃப்ளாஷ் என்ற சூப்பர்ஹீரோவைப் பற்றிய அமெரிக்கத் தொடர் இது. இந்த சீசனை முதலில் 2018-19இல் வாரம் ஒரு எபிசோடாகப் பார்த்தேன். சமீபத்தில் மொத்தமாக மறுபடியும் பார்த்து முடித்தேன். மோசம் என்று தள்ளிவிட முடியாது. யாருக்காவது சிபாரிசு செய்யவும் வாய் வராது. முடிவு வரை பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெரிய தலைவலி வில்லன் சிகேடா. சக்தி உள்ளவர்களை எல்லாம் கொல்லத் துடிக்கும் ஆள், கையில் அவர்கள் சக்தியை அணைத்துவிடும் குத்துவாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு எபிசோடுக்குத் தாங்கும் வில்லனை 22 எபிசோடுக்கு இழுத்திருக்கிறார்கள். முகமூடிக்குள் மூச்சிரைப்பான், கரகரப்பாக ஏதோ சொல்வான், கையை நீட்டினால் வாள் பறந்து வரும், ஃப்ளாஷ் கீழே விழுவான், இவன் தப்பிப்பான். அடுத்த வாரமும் அதேதான். இவன் போதாதென்று எதிர்காலத்திலிருந்து இன்னொரு சிகேடா வேறு. வாராவாரம் பார்த்தபோது கடுப்பாக இருந்தது. சேர்த்துப் பார்க்கும்போது தூக்கமே வந்துவிட்டது.

தாங்கிப் பிடிப்பது நோரா. ஃப்ளாஷாக ஓடும் பேரிக்கும் அவன் மனைவி ஐரிஸுக்கும் இனிமேல் பிறக்கப்போகும், 2049இலிருந்து வரும் மகள். அப்பா காணாமல் போனபின் வளர்ந்தவள் என்பதால் பேரி எது செய்தாலும் கண் மின்னப் பார்க்கிறாள். ஐரிஸிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். தன் சக்தியை அம்மாவே சிப் வைத்து மறைத்துவிட்டாள் என்ற கோபம். ஆனால் இந்த ஐரிஸ் அதை இன்னும் செய்யவே இல்லை! செய்யாத குற்றத்துக்கு மகளிடம் திட்டு வாங்கும் அம்மாவின் நிலைமையை ஜெசிகா பார்க்கர் கென்னடியும் கேண்டிஸ் பேட்டனும் நன்றாகவே நடித்திருக்கிறார்கள். முதல் தடவை நோராவின் துள்ளல் எரிச்சலூட்டியது என்னவோ உண்மை. அவள் ஃப்ளாஷின் பழைய எதிரி தோனை ரகசியமாகச் சந்திக்கிறாள் என்று தெரிந்தே பார்க்கும்போது, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் பயமும் தெரிகிறது.

அப்புறம் இரண்டு வேடங்களில் வரும் டாம் கவனா. துப்பறிவாளர் ஷெர்லாக் வெல்ஸாக அவர் அடிக்கும் லூட்டி பாதி நேரம் ஓவர்தான். ஆனால் மரண தண்டனைக்குக் காத்திருக்கும் தோனாக, சிறைக்குள் நின்றபடி குரலை உயர்த்தாமல் பேசும் காட்சிகள் ஒவ்வொன்றும் தங்கம். சிகேடாவின் வாளை உடைத்தால் எதிர்காலத்தில் தோன் விடுதலையாவான் என்ற கடைசி எபிசோடு திருப்பத்துக்காகத்தான் அத்தனை எபிசோடும் அந்த வாளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள் போல. ஃப்ளாஷின் கூட்டாளிகளான சிஸ்கோ, ரால்ஃப் ஆகியோரின் கிளைக்கதைகள் எல்லாம் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அடுத்த சீசனை இரண்டாகப் பிரித்து பாதிக்கொரு வில்லனைக் கொடுத்தார்கள். அதை இங்கேயே செய்திருக்கலாம்.

நேரம் குறைவு என்றால் 8, 14, 18, 22 மட்டும் போதும். 8 தொடரின் நூறாவது எபிசோடு, பழைய சீசன்களுக்குள் ஒரு சுற்று. 14இல் ஒவ்வொரு முறை நோரா காலத்தைத் திருப்பும்போதும் வேறு யாராவது சாகிறார்கள். 18 தொடரின் நடிகை டேனியல் பனபேக்கர் முதன்முதலாக இயக்கியது, நோராவும் தோனும் சேர்ந்த கதை அதில்தான் இருக்கிறது. 22ஐப் பார்க்கும்போது கர்சீஃப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.