ஸ்டூடண்ட் மைக்ராஸ்கோப், மூணு மாசம் யூஸ் பண்ண பிறகு: பாக்டீரியா நீந்துறது தெரியுதா?

நான் காவேரிப்பட்டணம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்குறேன். ஸ்கூல் லேப்ல இருக்குற மைக்ராஸ்கோப்ல வெங்காயத் தோல் தெரியும், அதுக்கு மேல எதுவும் தெரியாது. அதனால சொந்தக் காசுல ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன், எல்இடி லைட், 4, 10, 40, 100 நாலு லென்ஸு, மொத்தம் ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் மேல ஆச்சு. பிராண்டு பேரு சொல்லல, ஏன்னா இதே அச்சுல பத்து பேருல விக்குறாங்க, நான் சொல்லப்போறது எல்லாத்துக்கும் பொருந்தும்.

முதல்ல குறை. விளம்பரத்துல 1500 மடங்குன்னு போட்டிருந்தாங்க, அத நம்பாதீங்க. சாதாரண வெளிச்சத்துல பாக்குற எந்த மைக்ராஸ்கோப்பும் சுமார் 0.2 மைக்ரானுக்குக் கீழ (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) ரெண்டு புள்ளிய பிரிச்சுக் காட்டாது, அதுக்கு மேல பெருசாக்கினா மங்கல்தான் பெருசாகும். கூட வந்த, கண்ண வச்சுப் பாக்குற 15எக்ஸ் ஐபீஸ நான் தொடுறதே இல்ல. ஸ்லைடு வைக்கிற ஸ்டேஜ நகத்துற திருகு லூசு, ஒரு பக்கம் திருப்பி மறுபக்கம் வந்தா கால் சுத்து சும்மா சுத்துது. 100எக்ஸ் லென்ஸுக்கு விடுற ஆயில் பாட்டில் பாதி வழியிலயே கசிஞ்சு டப்பா பூரா பிசுபிசுன்னு வந்துச்சு, விக்கிறவங்களுக்கு மெசேஜ் போட்டேன், இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல.

ஆனா 40எக்ஸ் லென்ஸு இருக்கே, அது ஒண்ணுக்கே குடுத்த காசு தகும்.

பாக்டீரியாவுக்கு நான் எங்கயும் போகல. எங்க பக்கம் ராகித் தாள் எல்லா வீட்லயும் கிடக்குது, அத நறுக்கி தண்ணில போட்டு பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, ஆறினதும் பஞ்சு அடைச்சு ரெண்டு மூணு நாள் விட்டேன். கொதியில மத்ததெல்லாம் செத்துடும், விதை மாதிரி கெட்டியா சுருண்டு கிடக்குற பேசில்லஸ்ங்குற பாக்டீரியா வகை மட்டும் தப்பிச்சு வளரும். ஒரு சொட்டு ஸ்லைடுல வச்சு கவர்ஸ்லிப்ங்குற மெல்லிய கண்ணாடிய மூடி, ஓரத்துல வாசலின் தடவிடுங்க, இல்லன்னா தண்ணி காயும்போது எல்லாம் ஒரே பக்கமா ஓடும், நாம அத நீச்சல்னு நினைச்சு ஏமாந்துடுவோம். இன்னொண்ணு, ஸ்டேஜுக்கு அடியில வெளிச்சத்த குவிக்கிற கண்டென்சருக்குக் கீழ, வெளிச்சம் வர்ற ஓட்டைய சுருக்குற டயாஃப்ரம் இருக்கும், அத நல்லா மூடணும். வெளிச்சம் வர்ற வழி குறுகினாதான் கண்ணாடி மாதிரி இருக்குற அந்தக் குட்டி குச்சிங்க கருப்பா எழும்பித் தெரியும். இத எனக்கு யாரும் சொல்லித் தரல, ஒரு வாரம் வெறும் வெளிச்சத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி. சிலது சும்மா நடுங்குது, அது தண்ணி மோதி ஆடுறது, நீச்சல் இல்ல. சிலது நேரா சர்ருன்னு போகுது. ஈகோலைனு குடல்ல இருக்குற பாக்டீரியாவ புக்குல படிக்கிறோமே, அது ரெண்டு மைக்ரான் நீளத்த வச்சுக்கிட்டு ஒரு செகண்டுக்கு இருபது முப்பது மைக்ரான் போகும், அதாவது தன் உடம்பு மாதிரி பத்து பதினஞ்சு மடங்கு தூரம். இதுங்களும் அப்படித்தான் பறக்குது.

அதுக்கப்புறம்தான் நான் சொல்ல வந்த விஷயம். ஃபோகஸ கீழ ஸ்லைடு கண்ணாடிக்கு இறக்கினேன், அங்க ஒட்டி நீந்துற பலது நேரா போகாம வட்டம் போடுது, கடிகார முள்ளு சுத்துற பக்கமா. ஃபைன் நாப் மெதுவா திருப்பி மேல கவர்ஸ்லிப் பக்கம் வந்தேன், அங்கயும் வட்டம், ஆனா எதிர்ப்பக்கமா! நாலு தடவ மேல கீழ பாத்தேன், அதேதான். காரணம் இதுதான்: பாக்டீரியா பின்னாடி வாலுக் கத்தை ஒரு பக்கம் சுழலும், உடம்பு அதுக்கு எதிர்ப்பக்கம் சுழலும். பக்கத்துல சுவர் இருந்தா உடம்ப ஒரு பக்கமும் வால இன்னொரு பக்கமும் தள்ளி விடுது, அதனால பாதை வளைஞ்சு வட்டமாகுது. தண்ணிக்குள்ள இருந்து பாத்தா ரெண்டு சுவர்லயும் வலது பக்கம்தான் திரும்புது, நாம மேல இருந்து பாக்குறதால ஒண்ணு தலைகீழா தெரியுது. ஈகோலை வச்சு இந்தக் கணக்க ஹோவர்ட் ஸ்டோன், ஜார்ஜ் வைட்சைட்ஸ் உட்பட நாலு விஞ்ஞானிங்க 2006ல எழுதினாங்க. ஆறாயிரம் ரூபா சாமான்ல என் வீட்டு டைனிங் டேபிள்ல அது தெரியுதுங்க.

அடுத்து ஒரு தலைமுடிய சொட்டுக்குள்ள போட்டேன். முடிய வந்து தொட்டது திரும்பிப் போகல, அது மேலயே ஒட்டிக்கிட்டு ரயில் மாதிரி நீளவாக்குல போகுது. அப்புறம் தென்பெண்ணை மணல வேட்டித் துணில சலிச்சு, கடைசியா தங்குற தூசி மாதிரி மணல் போட்டேன். வெளிப்பக்கம் கூரா இருக்குற முனையில வழுக்கிக்கிட்டு வெளிய போயிடுது. உள்பக்கம் குழிஞ்ச இடத்துல போனது மூக்க முட்டிக்கிட்டு அங்கயே நிக்குது, பின்னாடி வந்ததும் சேந்து ஒரு கூட்டமே ஆயிடுச்சு. 2007ல அமெரிக்காவோட பிரின்ஸ்டன் யுனிவர்சிட்டில ராபர்ட் ஆஸ்டின்ங்குற விஞ்ஞானியோட குழு புனல் மாதிரி சின்னச் சின்னச் சுவர் வரிசையா கட்டி, எல்லா பக்கமும் சமமா இருந்த பாக்டீரியாவ ஒரே பக்கம் சேர வச்சாங்க. பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது, சுவரோட வடிவம் மட்டும்தான், நீந்துற வேலைய பாக்டீரியாவே பாத்துக்குது.

ஒரு எச்சரிக்கை, சொட்டுல காத்துக் குமிழி இருந்தா அத சுத்தியும் கூட்டம் கூடும். அது வடிவத்தால மட்டும்னு சொல்ல முடியாது, ஆக்சிஜன தேடியும் வருது. பசங்களுக்குக் காட்டும்போது குமிழி இல்லாத ஸ்லைடா எடுங்க.

இதுக்கப்புறம் எங்க வீட்டு வாட்டர் பாட்டில்ங்கள எல்லாம் எடுத்துப் பாத்தேன். பாப்பா ஸ்கூலுக்குக் கொண்டு போற பிளாஸ்டிக் பாட்டில் மூடிக்குள்ள ரப்பர் வளையம், அதுக்குக் கீழ ஒரு பள்ளம், குச்சிய விட்டு வழிச்சா வழவழன்னு ஒரு பசை. அந்தப் பசையில ஒரு துளி ஸ்லைடுல வச்சா கட்டி கட்டியா அடை மாதிரி ஒட்டிக் கிடக்குது, ஓரத்துல மட்டும் சிலது நீந்துது. நீந்தி வந்து ஒட்டினதுதான் அப்புறம் வீடு கட்டுது. பிரஷ் போகாத பள்ளம், தண்ணி ஓட்டம் படாத மூலை, ஸ்கிரப்பர் போட்டுத் தேச்ச கீறல், இதெல்லாம் அதுக்கு நல்ல இடம். மறுநாளே கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் போய் வாய் அகலமான, உள்ள வழவழன்னு இருக்குற எவர்சில்வர் பாட்டில் வாங்கிட்டேன், வளையத்த மட்டும் தினம் கழட்டிக் கழுவுறோம்.

வாங்கலாமான்னு கேட்டா, டீச்சரா இருந்தா கண்டிப்பா வாங்குங்க. 40எக்ஸ் லென்ஸும், மூடித் திறக்குற டயாஃப்ரமும், ரெண்டு ஃபோகஸ் நாபும் இருக்கான்னு மட்டும் பாருங்க. 100எக்ஸ் ஆயில் லென்ஸு மணல் போட்ட ஸ்லைடுக்கு ஆகாது, லென்ஸு கண்ணாடிய இடிச்சிடும். அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒண்ணு குறைச்சது அந்த லூசுத் திருகுக்கு. எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு ஓடுற பாக்டீரியா பின்னாடியே திருகு திருப்பிக்கிட்டுப் போனா, பாதியில நழுவிடுச்சு, "மிஸ், வட்டத்த முடிச்சுச்சா இல்லையா மிஸ்"னு கேட்டா, என்னால காட்ட முடியல.