சுமாரான காதல் காமெடி: புளூ-ரே வாங்கவா, ஓடிடி போதுமா?

குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை இரவுக்கு ஒரு படம். கதை சொதப்பல், ஒளிப்பதிவு மட்டும் அழகு என்றால் எதில் பார்ப்பது?

படம்
புளூ-ரே டிஸ்க்: வீடியோ தகவல் பெரும்பாலும் நொடிக்கு 20 மெகாபிட்டுக்கு மேல்.
ஓடிடி: 1080பி-க்கு 5 மெகாபிட் அளவு.
குளோசப்பில் வித்தியாசம் குறைவு. மூடுபனிக் காட்சியில் ஓடிடி பல் இளித்துவிடும்: சாம்பல் நிறம் மெல்ல மாறும் இடமெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும்.

ஒலி
புளூ-ரே: பெரும்பாலும் இழப்பற்ற ஒலி, அதாவது சுருக்கியும் தரம் குறையாதது.
ஓடிடி: தரம் கொஞ்சம் குறையும்படி சுருக்கிய டால்பி ஒலி.
வசனப் படத்துக்கு இது பெரிய லாபமில்லை. டிவி ஸ்பீக்கரில் வசனம் அமுங்கினால், 5.1-ஐ (பல ஸ்பீக்கருக்கான ஒலி) விட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ டிராக்கை வையுங்கள்.

சிக்கல்
ஓடிடி: மழையில் சிக்னல் குறைந்தால் படம் மங்கும், முன்பே டவுன்லோடு செய்துவிடுங்கள்.
புளூ-ரே: டிஸ்க்கையும் பிளேயரையும் நாடுவாரியாக ஏ, பி, சி என மண்டலம் பிரித்திருக்கிறார்கள். இந்தியா சி மண்டலம்; ஏ மண்டலம் மட்டும் என்று பூட்டிய அமெரிக்க டிஸ்க் இங்குள்ள பிளேயரில் ஓடாது. குளிர்ந்த அறையில் ஹீட்டர் போட்டதும் பிளேயரின் லென்ஸில் நீர் படிந்து 'நோ டிஸ்க்' காட்டும்; ஒன்றிரண்டு மணி நேரம் பொறுங்கள். டிஸ்க் அலமாரியில் ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் அவசியம்.

ஒருமுறை பார்க்க ஓடிடி. பெரிய டிவியும் பிளேயரும் ஏற்கெனவே இருந்து, பாடல் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவருக்கு மட்டும் டிஸ்க், அதுவும் தள்ளுபடியில்.