முதல்வர் காப்பீடா, 70 வயது அட்டையா, தனியார் பாலிசியா? சேலத்துப் பெரியவர்களுக்கு எது, எப்போது?

இந்த மூன்றில் எது உசத்தி என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதை எந்த வயதில் எடுப்பது என்பதுதான் அதைவிட முக்கியம்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுக்கு வயது கணக்கில்லை, வருமானம்தான் கணக்கு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் வருமானச் சான்று வி.ஏ.ஓ., ஆர்.ஐ. மேசைகளைத் தாண்டி வரவேண்டும். அதோடு ரேஷன் அட்டை, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போகவேண்டும். ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பெரியவர் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வரமுடியும். நடமாட்டம் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள்.

2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமானம் பார்ப்பதில்லை. 70 நிறைந்திருந்தால் போதும். இதுவும் 5 லட்சம்தான். கணவன், மனைவி இருவருமே 70 கடந்தவர்கள் என்றால் அந்தத் தொகை இருவருக்கும் பொது. முன்னாள் ராணுவத்தினர், மத்திய அரசு ஓய்வூதியர் ஆகியோர் தங்களுக்கென உள்ள மருத்துவத் திட்டம் அல்லது இது என ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

இதில் சிக்கலே ஆதாரில்தான். வயதுக்கு அது ஒன்றே ஆதாரம். பிறந்த தேதி தெரியாத தலைமுறைக்கு ஏதோ ஓர் ஆண்டைக் குத்துமதிப்பாகப் போட்டு, ஜனவரி 1 என்று பதிந்திருப்பார்கள். உண்மையில் 72 வயதான பாட்டி ஆதாரில் 67 என்றால் அட்டை கிடைக்காது. எனவே 70 ஆகும்வரை காத்திராமல் இப்போதே ஆதாரை எடுத்துப் பாருங்கள். காப்பித் தோட்டத்தில் காலமெல்லாம் உழைத்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும். கருவி ஏற்கவில்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். ஆதாரோடு இணைத்த செல்போனுக்கு வரும் ஓடிபி, கண், முகம் என்று வேறு வழிகள் உண்டு.

தனியார் பாலிசியில்தான் தாமதத்துக்கு விலை அதிகம். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்கலாம். 65-க்கு மேல் புதிதாகப் பாலிசி தர நிறுவனங்கள் மறுக்கலாம் என்ற நிலை 2024-இல் போய்விட்டாலும் பிரீமியம் வயதோடு ஏறிக்கொண்டே போகும். 55-இல் எடுத்தவருக்கு 60-க்குள் காத்திருப்பு முடிந்துவிடும்.

என் கணிப்பு இதுதான். வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் முதலில் முதல்வர் காப்பீட்டைப் பதியட்டும். 70 ஆனதும் வய வந்தனாவுக்கும் பதியலாம். பாவம், நடுவில் மாட்டிக்கொள்வது வரம்பை ஒட்டி மேலே இருக்கும் 60 முதல் 70 வயதுக்காரர்கள்தான். தறி ஓட்டி, சிறு கடை நடத்திப் பிழைத்தவர்கள் அதில் ஏராளம். அவர்களுக்காக வய வந்தனாவின் வயது வரம்பை 60-ஆகக் குறைத்தே ஆகவேண்டும். அதுவரை தனியார் பாலிசிதான் கதி.

அப்புறம், எந்த அட்டையாக இருந்தாலும், அவசரமில்லாத அறுவை சிகிச்சை என்றால் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் அது செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். அரசு அட்டை கைக்கு வந்துவிட்டது என்று ஓடிக்கொண்டிருக்கும் தனியார் பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். திரும்ப எடுத்தால் காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கும்.