48,500 ரூபாவும் போச்சு, அப்பாவின் கையெழுத்தும் போச்சு: பழைய படங்களைக் கோத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

நேற்றுப் பின்னேரம் அந்த மாடிப்படி ஏறி, பூட்டிக் கிடந்த கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்னும் கை நடுங்குது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 48,500 ரூபா போய்விட்டது. காசு மட்டும் போயிருந்தால் இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுக்கும்வரை போடவேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொன்னார். ஆட்கள் எந்த மாதிரி என்று மட்டும் சொல்கிறேன். பழைய போட்டோக்களை வாங்கி ஸ்கான் பண்ணி, குடும்பத்துக்கு மட்டும் என்று ஒரு டைம்லைன் திறந்து தருவார்கள். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரும் தங்களிடம் உள்ள படங்களை அதில் ஏற்றலாம், எல்லாம் வருட வரிசையில் வந்து நிற்கும், ஒரே நாளில் எடுத்த படங்கள் ஒன்றோடொன்று இணையும் என்பார்கள். அப்படி ஒரு தளம். கொழும்பில் ஒரு புடவைக்கடைக்கு மேல் சின்ன அலுவலகம். முகநூலில் தமிழ் விளம்பரம்.

அடுத்த மாதம் அப்பாவின் ஆட்டைத் திவசம். அதற்கு முன் அவருடைய படங்களை எல்லோரும் பார்க்கக்கூடியதாக ஓரிடத்தில் சேர்க்க வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம். அண்ணா ரொறன்ரோவில், தங்கச்சி லண்டனில், நான் அம்மாவோடு வெள்ளவத்தையில். வட்ஸ்அப் குறூப்பில் போட்டுப் பார்த்தோம். காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவில் எந்தப் படம் எங்கே போனதென்று தெரியாது. அதில் அனுப்பினால் படமும் சுருங்கிப் போகும், எடுத்த திகதி போன்ற விபரமும் கழன்று போகும். கூகுள் போட்டோசில் அண்ணாவுக்கு இடம் முடிந்துவிட்டது. 2021 யூன் மாதத்தோடு அளவில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டார்களே. அந்த நேரம் பார்த்துத்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

அம்மாவிடம் ஒரு மலிபன் பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் 312 படங்கள். மாமி, அதாவது அப்பாவின் அக்கா, முன்பு வெள்ளவத்தையில்தான் இருந்தவ. 1983 யூலையில் அவவின் வீட்டை எரித்தபோது அல்பங்களும் சேர்ந்து எரிந்தன. யாழ்ப்பாணத்தில் அப்பா வைத்திருந்ததுதான் மிச்சம். 1995 ஒக்டோபர் 30 இரவு எல்லோரும் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, அம்மா ஒரு கையில் தங்கச்சியையும் மற்றக் கையில் இந்த டின்னையும் பிடித்துக்கொண்டுதான் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவ. கொட்டுற மழை. டின்னைச் சொப்பின் பையால் இரண்டு தரம் சுற்றியிருந்தவ. ஒரு படம் நனையவில்லை. அந்த டின்னைத்தான் நான் ஆட்டோவில் கொண்டுபோய் என் கையால் அவர்களிடம் கொடுத்தேன்.

ஏன் நம்பினேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களையும் அப்படித்தான் நம்ப வைப்பார்கள்.

முதலில் ஐந்து படம் கொண்டு வாருங்கள், இலவசமாகச் செய்து காட்டுகிறோம் என்றார்கள். அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தையும் கொண்டு போனேன். அங்கிருந்த பெடியனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். வெள்ளை நூல் கையுறை போட்டுக்கொண்டு, படத்தை விளிம்பில் மட்டும் பிடித்து எடுத்தான். அப்பா ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் நீல மையால் எழுதி வைக்கிறவர். பெடியன் படத்தைத் திருப்பி வாசித்தான்: "1979 ஆவணி. எங்கள் கல்யாணம். அக்கா ஆராத்தி எடுக்கிறா." வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "அக்கா, பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணுவம். ஐயா எழுதினதும் ஒரு படம்தானே" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா போய்ப் பதினொரு மாதத்தில் அவருடைய எழுத்தைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கதைக்கவில்லை.

அந்தப் படத்தில் மாமி இல்லை. வலது கரையில் ஆராத்தித் தட்டைப் பிடித்த ஒரு கை மட்டும் இருக்கும், முழங்கையோடு வெட்டுப்பட்டு. "அது என்ர அக்காவின்ர கை" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். மாமியின் இளவயதுப் படம் ஒன்றுகூட எங்களிடம் கிடையாது. அவ காலமாகியும் இருபது வருடத்துக்கு மேல்.

இரண்டு நாள் கழித்து, ரொறன்ரோவில் இருக்கிற அம்மாவின் சின்னம்மா மகள் தன்னிடமிருந்த படங்களை அதே டைம்லைனில் ஏற்றினா. இரவு பத்து மணியிருக்கும். என் போனில் இரண்டு படங்கள் பக்கம் பக்கமாக வந்து, "இவை ஒரே நிகழ்வா?" என்று கேட்டது. ஆம் என்று அமத்தினேன். அதே கல்யாணம், அதே நிமிசம், மற்றப் பக்கத்தில் நின்று யாரோ எடுத்திருக்கிறார்கள். அந்தக் கைக்கு உரியவ அங்கே முழுதாக நின்றா. கொண்டையில் கனகாம்பரம், தட்டைப் பிடித்தபடி தம்பியைப் பார்த்துச் சிரிக்கிறா. அம்மாவை எழுப்பிக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து, "மச்சாள்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே டின்னோடு போய்விட்டேன். ஸ்கான் பண்ண 30,000. டைம்லைனுக்கு ஆயுள் கட்டணம் 18,500. மொத்தம் 48,500 ரூபா. மூன்று பேரும் பங்கு போட்ட காசு, அனுப்பியது நான். கம்பனிக் கணக்கு இன்னும் திறந்து முடியவில்லை என்று ஒரு தனி ஆளின் கணக்கிலக்கம் தந்தார்கள். அப்போதே எழும்பி வந்திருக்க வேண்டும். ரசீது கேட்டேன். "வட்ஸ்அப்பில போடுறன் அக்கா" என்றான். வந்தது ஒரு கட்டைவிரல் இமோஜி. 312 படம் கொடுத்தேன் என்பதற்கு எழுத்தில் ஒன்றுமே இல்லை.

முதல் பத்து நாள் நல்லாத்தான் போனது. லண்டனில் பெரியம்மாவுக்கு 84 வயது. தங்கச்சி ஒவ்வொரு படமாக அவவுக்குக் காட்ட, அவ ஆட்களை அடையாளம் சொல்ல, தங்கச்சி கீழே எழுதிக்கொண்டு வந்தாள். "இடப்பக்கம் நிக்கிறது கொழும்புத்துறைப் பெட்டிக்கடைக்காரற்ற மூத்த பெடியன், இவன்தான் உங்கட கொப்பருக்குச் சைக்கிள் பழக்கினவன்." இப்படி அறுபதுக்கு மேற்பட்ட படங்களுக்கு எழுதினோம். எங்களில் ஒருவருக்கும் தெரியாத ஆட்கள், தெரியாத கதைகள். இப்போது பெரியம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. தங்கச்சியையே சில நாள் யார் என்று கேட்கிறாவாம். எழுதியதெல்லாம் அந்தத் தளத்தில் மட்டும்தான் இருந்தது. வேறெங்கும் ஒரு பிரதி எடுத்து வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

94 படத்தோடு வேலை நின்றது. வந்த படங்களும் ஒழுங்கில்லை. 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். நாலுக்கு ஆறு அங்குலப் படம் அந்தக் கணக்கில் 2400க்கு 3600 புள்ளி வரவேண்டும். மகன் இறக்கிப் பார்த்தான், அகலம் 800கூட இல்லை. பின்பக்கம் ஒன்றுமே ஸ்கான் பண்ணவில்லை. வருட வரிசை என்றார்களே, எல்லாப் படத்துக்கும் ஸ்கான் பண்ணிய திகதியே விழுந்திருந்தது. அப்பாவின் பள்ளிக்கூடக் காற்பந்துக் குழுப் படமும் அவருடைய செத்தவீட்டுப் படமும் ஒரே மாதத்தில் பக்கத்தில் பக்கத்தில். அம்மா அதைக் காணக்கூடாது என்று போனை ஒளித்து வைத்தேன்.

கேட்கத் தொடங்கினேன். முதல் பதில், "ரெண்டு நாள் பொறுங்கோ அக்கா, அப்டேட் நடக்குது." நாலாம் நாள், "திகதி எல்லாம் கடைசியில திருத்துவம்." அடுத்த கிழமை, "மெசின் பழுது." அதற்குப் பிறகு டைம்லைனுக்குள் போகவே முடியவில்லை. கடவுச்சொல் பிழை என்று வந்தது. "சேர்வர் மாத்துறம், படமெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார்கள். அதைக் கேட்டு மகன்தான் முதலில் பயந்தான். மைஸ்பேஸ் மாதிரிப் பெரிய தளமே சேர்வர் மாற்றும்போது ஆட்கள் ஏற்றி வைத்த பழைய படங்களையும் பாட்டுகளையும் இழந்துவிட்டதாம், 2019இல் தெரியவந்ததாம். நான் அவனைப் பேசினேன். வாயை வைக்காதே என்றேன்.

பிறகு அந்தப் பெடியனின் போன் வேலை செய்யவில்லை. வேறு ஒரு பெண் எடுத்தா. அதுவரை அக்காவாக இருந்த நான் "மடம்" ஆனேன். "அவர் வேலையை விட்டிட்டார் மடம்." டின்னைத் தாருங்கள் என்றேன். "முறைப்படி ஈமெயில் போடுங்க மடம்." போட்டேன். மூன்று போட்டேன். பதில் இல்லை. காசையாவது திருப்பித் தாருங்கள், 48,500 ரூபா என்றேன். "ஸ்கான் தொடங்கினா திருப்பிக் குடுக்கிற வழக்கமில்ல மடம்" என்று சொல்லி வைத்துவிட்டா. பிறகு நீலச் சரி விழும், பதில் வராது. கடைசியில் அந்தச் சரியும் விழவில்லை. என்னைத் தடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு அண்ணா எடுத்தார், குரலே சரியில்லை. "எங்கட மாமி விளம்பரத்தில வாறா" என்றார். அந்த இரண்டு கல்யாணப் படங்களையும் சேர்த்து, கீழே "பிரிந்தவற்றை இணைக்கிறோம்" என்று எழுதி, கனடாத் தமிழருக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் உள்ளே போய்ப் பார்க்கமுடியாத எங்கள் படத்தை வைத்து அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள்! குடும்பத்துக்கு மட்டும் என்று நானே பொத்தானை அமத்தி வைத்த டைம்லைன் அது.

நேற்றுத்தான் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நேரே போனேன். பூட்டு. பலகையும் கழற்றிவிட்டார்கள். கீழே புடவைக்கடைக்கார நானாதான் சொன்னார், "மாசக் கடைசியில சாமானெல்லாம் ஏத்திக்கிட்டுப் போய்ட்டாங்க தங்கச்சி. இப்புடி நாலஞ்சு பேர் வந்து தேடிட்டுப் போறாங்க. யாரும் வந்தா குடுக்கச் சொல்லி இந்தப் பெட்டியள வச்சிட்டுப் போனாங்க." கல்லாவுக்குப் பின்னால் மூன்று காட்போட் பெட்டி. அதில் ஒன்றுக்குள் எங்கள் மலிபன் டின், மூடி நசுங்கி. வேறு யார் யாருடையதோ அல்பங்கள், ஒரு முதல் நன்மைப் படம், ஒரு கடற்கரைப் படம். அந்த மனுசன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அவருக்கு ஒரு சதமும் சம்பந்தமில்லாத விசயம்.

வீட்டில் கட்டிலில் பரப்பி எண்ணினேன். 271. திரும்ப எண்ணினேன். 271தான். 41 படம் இல்லை. கல்யாணப் படம் அந்த 41க்குள். நீல மையில் அப்பா எழுதிய அந்த வரியும் அதோடு போய்விட்டது. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போதும் "அந்தத் தம்பி முடிச்சிட்டானே?" என்று கேட்டா.

என்ன செய்யலாம், எப்படிப் பாதுகாக்கலாம் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். தலை இடிக்கிறது. நினைவுக்கு வருவதைச் சொல்கிறேன்.

டின்னைக் கொடுக்காதீர்கள். யாரிடமும். யன்னலுக்குப் பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் இல்லாமல் போனிலேயே எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அதற்குப் பிறகு, எத்தனை படம் என்று எழுதிக் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். கம்பனிப் பெயரில் கணக்கு இல்லையென்றால் ஒரு ரூபாவும் போடாதீர்கள். ஏற்றிய எல்லாவற்றையும், எழுதிய குறிப்புகள் உட்பட, ஒரேயடியாக இறக்கி எடுக்க முடியுமா என்று காசு கொடுக்க முதல் செய்து பாருங்கள். வீட்டில் வயதானவர்கள் ஆட்களை அடையாளம் சொன்னால் முதலில் ஒரு கொப்பியில் எழுதுங்கள், அல்லது குரலைப் பதிந்து வையுங்கள். டைம்லைன் எல்லாம் பிறகு.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. இணையத்தில் படத்தை எடுத்துப் போட்டதற்கு இணையப் பாதுகாப்பைக் கவனிக்கிற இலங்கை சேர்ட்டின் (CERT) 101க்கு எடுக்கலாம். தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் வந்திருக்கிறது, அதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேட்கப்போகிறேன். விடிந்ததும் பொலிசுக்கு. இதே ஆட்களிடம் கொடுத்த வேறு யாராவது இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போவோம். உங்கள் அல்பம் அந்த மூன்று பெட்டிக்குள் இருக்கவும் கூடும். நானா பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார்.

அண்ணா அந்த விளம்பரத்தைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். இன்றைக்கு அம்மாவும் மாமியும் ஒன்றாக இருக்கிற படம் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். அம்மாவின் கூறைச் சேலைக்கு மேலே அவர்களின் சின்னத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.