ஆறு சனிக்கிழமை தர்க்க வகுப்பு: போகலாமா?

எங்கள் ஊர் நூலக மாடியில் ஆறு சனிக்கிழமை, மாலையில் இரண்டு இரண்டு மணி நேரம் நடந்த தர்க்க வகுப்பை முடித்துவிட்டேன். கட்டணம் 900 ரூபாய், டீயும் சுண்டலும் சேர்த்து. போகலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போகலாம், கடைசி வாரத்தைப் பற்றி மட்டும் ஒரு குறை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாளே ஆசிரியர் மணிமேகலையின் 29ஆம் காதையை எடுத்தார். காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுக்கிற பகுதி. இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது; புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம்; அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது உதாரணம். அதற்கு மேல் உபநயம் (இந்த மலையிலும் புகை இருக்கிறது என்று பொருத்திக் காட்டுவது), நிகமனம் (ஆகவே நெருப்பு உண்டு என்று முடிப்பது) என்று இரண்டு; அவை திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்று அந்தக் காதையே சொல்லிவிடுகிறது. கல்லூரியில் இதைப் பத்து மார்க்குக்காக மனப்பாடம் செய்தவன் நான். வீட்டிலும் ஆபீசிலும் தினமும் செய்கிற காரியம்தான் இது என்று அப்போது யாரும் சொல்லித்தரவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சரி, நெருப்பு இருந்தால் புகை இருக்குமா? பாதிப் பேர் ஆமாம் என்றோம். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை எங்கே என்றார். எனக்கு உடனே எங்கள் வீட்டு மோட்டார் ஞாபகம் வந்தது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடவில்லை, அப்படியானால் கரண்ட் போயிருக்கிறது என்று காலை முழுக்கக் காத்திருந்தோம், கடைசியில் பார்த்தால் கெப்பாசிட்டர் போயிருந்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தும் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் வாரம் வடிவத்தையும் உண்மையையும் பிரித்துப் பார்ப்பது. எல்லா மீனுக்கும் கால் உண்டு, நெத்திலி ஒரு மீன், ஆகவே நெத்திலிக்குக் கால் உண்டு. வாதத்தின் வடிவம் சரி, முதல் வரி பொய். எந்த இடத்தில் தவறு என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லி ஒவ்வொருவரையும் விடாமல் கேட்டார், அது நல்ல பழக்கம்.

எனக்குப் பிடித்தது நான்காம் வாரம். உண்மையைத் தேடிப் பேசினால் வாதம், ஜெயிப்பதற்காகப் பேசினால் சற்பம், தனக்கென்று ஒரு நிலையை நிறுவாமல் எதிராளி சொல்வதை உடைப்பதை மட்டும் செய்தால் விதண்டை. நியாயம் என்ற பழைய இந்தியத் தர்க்க மரபின் நூலார் பிரிப்பது இப்படி. நமக்குப் பிடிக்காததைப் பேசுகிறவரை எல்லாம் விதண்டாவாதம் பண்ணுகிறார் என்று சொல்லிவிடுகிறோமே, அது தப்பு. இதற்கு ஒரு பயிற்சியும் இருந்தது: எதிரில் இருப்பவர் சொன்னதை அவரே ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும்வரை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் மறுக்கலாம். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையைச் சொல்லி மறுக்கும் பரபக்கம் முதலில், தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பிறகு என்று இருப்பதைக் காட்டித்தான் இதைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைக்குச் செல்போன் கொடுக்கலாமா என்பது தலைப்பு. மூன்று முறை முயன்றும் எதிரில் இருந்த அம்மா, ‘நான் அப்படிச் சொல்லவில்லையே’ என்றுதான் சொன்னார். நான்காம் முறை அவர் தலையாட்டியபோது எனக்கு மறுப்பதற்குப் பாதிதான் மிச்சம் இருந்தது.

இப்போது குறை. வாக்கியங்களைக் குறிகளாக எழுதும் குறியீட்டுத் தர்க்கமும், அவை எப்போது மெய், எப்போது பொய் என்று காட்டும் மெய்யட்டவணையும் ஒரே மாலையில், ஆறாம் வாரத்தில் திணிக்கப்பட்டன. முன்பகுதி பொய் என்றால் ‘மழை பெய்தால் தரை நனையும்’ மாதிரியான ‘ஆல்’ வாக்கியம் முழுதும் மெய் என்று ஏன் வைக்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார், விதி என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. காரணம் கேட்கப் பழக்கிய வகுப்பில் அந்தப் பதில் உறுத்தியது. போலிகளின், அதாவது சரிபோலத் தோன்றும் தவறான வாதங்களின், பட்டியலையும் மங்கலான ஜெராக்ஸில் பெயர்களாக மட்டும் கொடுத்தார்கள், நாளிதழ்ச் செய்தியிலிருந்து ஆளுக்கொரு உதாரணம் எடுத்துவரச் சொல்லியிருக்கலாம்.

எட்டு வாரமாக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் அடுத்த முறை கட்டாயம் அனுப்புங்கள். முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள், பின்னால் ஃபேன் சத்தத்தில் பேசுவது கேட்காது.