டம்பிள் ட்ரையர்: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு வரும் கோளாறுகளும் வீட்டிலேயே செய்யும் பழுதுபார்ப்பும்

புதிதாக வாங்கிய ட்ரையர் எதுவானாலும் நன்றாகத்தான் உலர்த்தும். அதன் தரம் தெரிவது இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான். முன்பு ஒரு மணி நேரத்தில் காய்ந்த துணி, ஒன்றரை மணி நேரம் ஓடியும் ஈரத்தோடு வெளியே வரும். உடனே ஹீட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் ஹீட்டர் நன்றாகவே இருக்கும், காற்றுதான் போகாது. காற்றோட்டத்தைச் சரிபார்க்காமல் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

முதலில் பஞ்சு வடிகட்டியைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் பஞ்சை வழித்தெடுத்தாலும் போதாது. துணி மென்மையாக்கும் திரவம், மென்மையாக்கும் தாள் இரண்டும் வலைக்கண்களில் கண்ணுக்குத் தெரியாத மெழுகுப் படலமாகப் படியும். வலையைக் குழாயடியில் காட்டுங்கள். தண்ணீர் உடனே இறங்கினால் நல்லது. வலைமேல் தேங்கி நின்றால் காற்றும் அங்கேதான் நிற்கிறது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முழுக்கக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.

அடுத்தது இயந்திரத்தின் வகையைப் பொறுத்தது. ஈரக் காற்றைக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே விடும் வென்டட் ட்ரையரில், வெளியேற்றும் குழாயைக் கழற்றி உள்ளே பாருங்கள். வளைவுகளில்தான் பஞ்சு அடையும். குழாய் நீளம் குறைவாகவும், உள்பக்கம் வழவழப்பான உலோகமாகவும் இருக்க வேண்டும். இணைப்பில் ஸ்க்ரூ போட்டால் அதன் முனை உள்ளே நீட்டிக்கொண்டு பஞ்சைப் பிடிக்கும், அதனால் கிளாம்ப்தான் சரி. ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் சேர்க்கும் கன்டென்சர் வகையில், கீழே இருக்கும் வெப்பமாற்றியை வெளியே இழுத்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவலாம். அதே வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஹீட் பம்ப் வகையில் பெரும்பாலும் அப்படி இழுக்க முடியாது. கீழ்மூடியைத் திறந்து, ஸ்பாஞ்ச் வடிகட்டியைக் கழுவி, அதன் பின்னால் தெரியும் அலுமினியத் தகடுகளை வேக்குவம் கிளீனரின் மென்பிரஷ் முனையால் மேலிருந்து கீழாக மட்டும் வருடுங்கள். குறுக்கே இழுத்தால் தகடுகள் மடங்கிவிடும். விளிம்புகள் கையைக் கிழிக்கும், கையுறை அவசியம்.

காற்று சரியாக இருந்தும் சூடே வரவில்லை என்றால்தான் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹீட்டரின் வயர்களைக் கழற்றி ஓம் அளவில் வையுங்கள். 230 வோல்ட், 2500 வாட் ஹீட்டர் சுமார் 21 ஓம் காட்டும், 2000 வாட் என்றால் சுமார் 26. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் உங்கள் ஹீட்டரின் கணக்கு கிடைக்கும். பல ஹீட்டர்களில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று மட்டும் அறுந்தால் சூடு வரும், ஆனால் பாதிதான் வரும். மெதுவாக உலர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஹீட்டர் முனைக்கும் உலோக உறைக்கும் இடையே எந்த இணைப்பும் காட்டக் கூடாது. காட்டினால் சுருள் தொய்ந்து உறையைத் தொடுகிறது, வீட்டு மின்சாரம் ட்ரிப் ஆவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஹீட்டர் நல்லபடி இருந்தால், சூடு அளவுக்கு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மல் ஃபியூஸைப் பாருங்கள். சில மாடல்களில் அது போனால் டிரம் சுற்றும், சூடு வராது. வேறு சிலவற்றில் இயந்திரம் ஸ்டார்ட்டே ஆகாது. மீட்டரில் தொடர்பு இல்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். வயரால் நேரடியாக இணைத்து ஓட்டுவது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம், அதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த ஃபியூஸ் பெரும்பாலும் தானாகப் போவதில்லை. காற்று அடைபட்டு உள்ளே வெப்பம் ஏறியதால்தான் போகிறது. அடைப்பை எடுக்காமல் புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும்.

துணி ஈரமாக இருக்கும்போதே இயந்திரம் நின்றுவிடுகிறதா? டிரம்முக்கு முன்னால், கதவுக்குக் கீழே இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். அவைதான் ஈரத்தை அளக்கின்றன. அதே மெழுகுப் படலம் அங்கேயும் படிந்திருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கன்டென்சர், ஹீட் பம்ப் வகைகளில் தண்ணீர்த் தொட்டி காலியாக இருந்தும் 'தண்ணீர் நிறைந்தது' என்று விளக்கு எரிந்தால், அடியில் இருக்கும் பம்ப்பிலோ மிதவையிலோ பஞ்சு சிக்கியிருக்கிறது.

டிரம் சுற்றவில்லை என்றால் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாகச் சுற்றினால் பெல்ட் அறுந்திருக்கிறது. புது பெல்ட்டின் வரிப்பள்ளம் உள்ள பக்கம் டிரம்மைத் தொட வேண்டும். அதை, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசை புல்லியைச் சுற்றி மோட்டார் தண்டில் மாட்டும் விதத்தை, பழையதைக் கழற்றும் முன்பே போட்டோ எடுத்து வையுங்கள். மோட்டார் ரீங்கரிக்கிறது, கையால் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் சந்தேகம், மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் மேல். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் இருக்கும். ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டுத் தொடுங்கள். மாற்றும்போது மைக்ரோஃபேரட் அளவு அதேதான் வேண்டும், வோல்ட் அளவு குறையக் கூடாது.

ஓட ஆரம்பிக்கும்போது 'டொக் டொக்' என்று சீராக இடித்து, சிறிது நேரத்தில் அடங்கினால் டிரம்மைத் தாங்கும் உருளைகள் ஒருபக்கம் தட்டையாகியிருக்கின்றன. மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கீச்சிடும் சத்தம் பெரும்பாலும் இழுவிசை புல்லியிலிருந்து வரும். எண்ணெய் விட்டுச் சமாளிக்க வேண்டாம், அது பஞ்சைப் பிடித்து இறுகிப்போகும். துணியில் கறுப்புத் தீற்றல் விழுந்தால் டிரம் விளிம்பின் ஃபெல்ட் தேய்ந்துவிட்டது.

நீண்ட நாள் கணக்கில் பார்த்தால், பழுதுபார்க்க எளிதானது வென்டட்தான். ஹீட் பம்ப் மின்சாரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும், ஆனால் நேரம் அதிகம் எடுக்கும், சுத்தம் செய்வதில் சோம்பலைப் பொறுக்காது. அதன் வாயுச் சுற்றை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். பல மாடல்களில் உள்ளே இருப்பது ஆர்-290, அதாவது எரியக்கூடிய புரொப்பேன். கேஸில் ஓடும் ட்ரையரின் பர்னரும் அப்படித்தான், அதற்குரிய டெக்னீஷியனிடம் விடுங்கள். மற்றபடி, எந்தப் பழுது பார்த்தாலும் மூடியை மாட்டும் முன் அடித்தட்டில் குவிந்திருக்கும் பஞ்சை உறிஞ்சி எடுத்துவிட்டு, டிரம்மைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு பிளக்கைச் சொருகுங்கள்.