ஒன் பை கியர் மாற்றப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் பல்லை எண்ணுங்கள்

கோவைப் பக்கம் மலை சைக்கிள் வைத்திருப்பவர்கள், முக்கியமாக கல்லாறு தாண்டி நீலகிரி மலை ஏற ஆசைப்படுகிறவர்கள், ஒன் பை, அதாவது முன்னால் ஒரே ஒரு செயின் வீல் உள்ள கியருக்கு மாற்றக் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 13,500 ரூபாய் போனது. முழங்கால் வலி வந்து மூன்று வாரம் சைக்கிளைத் தொடவே முடியவில்லை.

என்னுடையது 27.5 அங்குலச் சக்கரம் உள்ள சாதாரண எம்டிபி (மலை சைக்கிள்). முன்னால் மூன்று செயின் வீல்: 42, 34, 24 பல். பின்னால் 14 முதல் 28 வரை ஏழு அடுக்கு. 21 கியர் என்று சொல்லி விற்பார்களே, அதேதான். ஊருக்குள்ளும் சிறுவாணி ரோட்டிலும் ஓட்ட அது தாராளம். குன்னூர் வரை ஒரே மூச்சில் ஏற வேண்டும் என்று ஆசை வந்தபோதுதான் இன்னும் லேசான கியர் தேவைப்பட்டது. நகரத்தில் பெரிதாக விளம்பரம் செய்யும் ஒரு கடைக்குப் போனேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் எழுதவில்லை.

"மூணு செயின் வீலெல்லாம் இப்ப யாருங்க தம்பி வச்சிருக்காங்க? ஒன் பை போட்டுக்கோங்க. முன்னாடி முப்பத்திரண்டு, பின்னாடி பதினொண்ணு நாற்பது. எட்டு கியர் போதும்" என்றார் கடைக்காரர். பழைய ரிம்மிலேயே புது ஃப்ரீஹப் (சக்கரத்தின் நடுப்பாகம்) கோர்த்து, அதில் கேசட் (பின் பல்லடுக்கு) மாட்டித் தருவதாகப் பேச்சு.

அவர் சொன்ன அளவில் தப்பே கிடையாது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் வரும் எண்தான் கியர். எண் சிறியதாக இருந்தால் ஏற்றத்தில் கால் லேசாகச் சுற்றும். என் பழைய சைக்கிளில் மிக லேசான கியர் 24ஐ 28ஆல் வகுத்தால் 0.86. அவர் சொன்னது 32க்கு 40, அதாவது 0.80. சமதளத்தில் வேகமாகப் போகும் கியர் பழையதில் 42க்கு 14, சரியாக 3. அவர் சொன்னதில் 32க்கு 11, ஏறக்குறைய 2.9. ஏற்றத்துக்கும் லாபம், சமதளத்தில் நஷ்டமும் இல்லை. முன் செயின் வீல்களுக்கிடையே செயினைத் தள்ளும் டிரெய்லியர், அதற்கான இடது கை ஷிஃப்டர் இரண்டும் தேவையில்லை. நல்ல ஏற்பாடு என்று நினைத்துத்தான் 8,000 முன்பணம் அனுப்பினேன்.

பத்து நாளில் வண்டி வந்தது. பின்னால் சோற்றுத்தட்டு மாதிரி ஒரு பெரிய பல்சக்கரம், ஹப் பளபளவென்று இருந்தது. அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாகப் போனது. மிச்சப் பணத்தையும் கொடுத்தேன். பில்லில் 'கியர் செட், லேபர்' என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் பார்த்தே நான் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பினேன். கல்லாறு தாண்டியதும் மலை ஏற்றம் ஆரம்பம். அந்த மலையில் ரயிலே கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாள நடுவில் உள்ள பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே கடைசிக் கியருக்கு வந்துவிட்டேன். பெடல் நகரவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். உடம்பு சரியில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன். பர்லியாறு பழக்கடைகளுக்கு வரும்போது வலது முழங்காலில் ஊசி குத்துகிற மாதிரி வலி.

அங்கேயே சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பஞ்சர் பசை ஒரு சொட்டு எடுத்து முன் செயின் வீலின் ஒரு பல்லில் வைத்து, பெடலை மெதுவாகத் திருப்பி ஒவ்வொரு பல்லாக எண்ணினேன். பசை மறுபடி விரலடிக்கு வந்தபோது 38. நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன், அப்போதும் 38. பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 34, சின்னதில் 13. முப்பத்திரண்டும் இல்லை, நாற்பதும் இல்லை.

38ஐ 34ஆல் வகுத்தால் 1.12. பழைய 0.86ஐவிட முப்பது சதவீதம் கனம். என் சக்கரத்துக்கு ஒரு முழுப் பெடல் சுற்றுக்குப் பழைய கியரில் 1.84 மீட்டர் போகும், இதில் 2.4 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போது நிமிடத்துக்கு 54 சுற்று சுற்றிய கால், அதே வேகத்துக்கு 42 சுற்றுதான் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் அவ்வளவு கூடுதல் அழுத்தம். முழங்கால் என்ன செய்யும்? சமதளத்தில் ஏன் தெரியவில்லை என்றும் அப்போதுதான் புரிந்தது. 38க்கு 13 என்பதும் 2.9தான். ஊருக்குள் ஓட்டிப் பார்ப்பவர் யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இறங்கும்போது மூன்று தடவை செயின் கழன்றது. ஒன் பை செயின் வீலில் ஒரு பல் தடிமன், அடுத்த பல் மெல்லிசு என்று மாறி மாறி இருக்க வேண்டும். முன் டிரெய்லியர் இல்லாத வண்டியில் குலுக்கலுக்குச் செயினைப் பிடித்துவைப்பது அதுதான். எனக்கு மாட்டியதில் எல்லாப் பல்லும் ஒரே தடிமன், கியரே இல்லாத சைக்கிளுக்கு வருகிற சக்கரம்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். பின் பல்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றிவிட்டு, நடுவில் கருவி மாட்டும் இடத்தைக் காட்டினார். பல் சுற்றுகிறது, நடுப்பகுதி அசையவில்லை. "கேசட்டா இருந்தா இதுவும் சேர்ந்து சுத்துமுங்க தம்பி. இது திருகு ஃப்ரீவீல், ஹப்புல திருகி மாட்டுற பல்லடுக்கு. ஹப்பு உங்க பழைய ஹப்பேதான், தொடச்சு வச்சிருக்காங்க." திருகு ஃப்ரீவீலில் வலது பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், அடுக்கு கூடக் கூட ஆக்ஸில் வளையும் அபாயமும் கூடும் என்றார்.

கடைக்குத் திரும்பிப் போனபோது முதலில் கிடைத்த பதில் "ஸ்டாக் இல்லீங்க, அதே மாதிரிதான் போட்டோம்." அடுத்தது "ஓட்ட ஓட்டக் கால் பழகிடும்." முப்பத்திரண்டு, நாற்பது என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சு குறைந்தது. அந்தப் பதிவு மட்டும் இல்லாவிட்டால் என் கையில் ஒன்றுமே இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். சரிவராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது.

ஒன் பை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடையில் "எத்தனை கியர்" என்று கேட்காதீர்கள், முன்னால் எத்தனை பல், பின்னால் பெரியது எத்தனை பல் என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் பில்லில் இருக்கட்டும், பாகத்தின் மாடல் பெயரோடு. வண்டியை எடுக்கும்போது கடையிலேயே எண்ணுங்கள், இரண்டு நிமிட வேலை. அப்புறம், கழற்றிய பழைய பாகங்களை அங்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

நான் விட்டுவிட்டு வந்தேன். மேட்டுப்பாளையம் அண்ணன் கடைசியில் சொன்னது இதுதான். அவர்கள் மாட்டிய அதே 34 பல்லோடு என் பழைய 24 பல் செயின் வீல் இருந்திருந்தால் கணக்கு 0.71. கடைக்காரர் வாக்குக் கொடுத்ததைவிட லேசு. 34 பல் வரும் ஏழு அடுக்கு ஃப்ரீவீல் ஒன்று வாங்கிப் பழைய வண்டியிலேயே திருகி, செயினைக் கொஞ்சம் நீளமாகப் போட்டிருந்தால் செலவு இதில் சின்னப் பங்குகூட வந்திருக்காது, குன்னூரும் ஏறியிருப்பேன்.

இப்போது 4,000 ரூபாய் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முழுப் பணமும் வேண்டும், செயின் வீல்கள் கோர்த்த என் பழைய கிராங்க்கும் (பெடல் தண்டு) வேண்டும். கிராங்க் எங்கே என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.